குழந்தை தன்னுடையதல்ல என்று கணவர் மறுத்தால் வழக்கை எதிர்கொள்வது எப்படி?

ஜீவனாம்சம் கேட்ட மனுவுக்குக் கணவர் தாக்கல் செய்யும் எதிருரையில் 'இக்குழந்தை எனக்குப் பிறந்ததல்ல' என்ற வரியைக் கண்டதும், பல தாய்மார்கள் மரபணு பரிசோதனைக்குத் தயார் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆவேசம் நியாயமானதே. ஆனால் இந்தியச் சட்டம் முதலில் பார்ப்பது இரத்தத்தை அல்ல, தேதிகளை.

1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும், உள்ளடக்கத்தில் மாற்றமில்லை. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்த 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போதோ பிறந்த குழந்தை, அக்கணவரின் முறையான குழந்தை என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான சான்றாகும். கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் அணுகவே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள் என்று மெய்ப்பித்தால் மட்டுமே அது உடையும்.

எனவே முதல் வேலை, திருமணச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பிரசவ மருத்துவமனை ஆவணங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்து, தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுவது. விவாகரத்துத் தீர்ப்பு 2025 மார்ச் 10 அன்று வந்திருந்தால், 280ஆவது நாள் டிசம்பர் 15.

அடுத்து, கருத்தரித்த காலத்தில் கணவர் எங்கே இருந்தார் என்பதற்கு வாருங்கள். வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அணுகும் வாய்ப்பு என்றால் கூடியிருந்தார்கள் என்று காட்டுவதல்ல, கூடுவதற்கு இடமிருந்தது என்பதே போதும். 'பிரிந்து வாழ்ந்தோம்' என்று அவர் சொல்வதாலேயே அந்த இடம் இல்லாமல் போய்விடாது: ஒரே ஊரில் வேறு வீட்டில் இருந்தவர் வந்துபோயிருக்கலாம். துபாயில் வேலை பார்த்தவர் என்றால், அவர் விடுமுறையில் வந்த நாட்களைக் காட்டும் கடவுச்சீட்டு முத்திரையைத் தாக்கல் செய்யும்படி கேளுங்கள். அக்காலத்தில் ஒன்றாகச் சென்ற பயணச்சீட்டு, மருத்துவமனையில் அவர் இட்ட கையெழுத்து, அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் ஆகியவை உங்களுக்குப் பயன்படும். மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. அது சாதாரண உரிமையியல் வழக்கில் போதுமான அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இனி மரபணு பரிசோதனை. அணுக வாய்ப்பில்லை என்பதற்கு வலுவான முகாந்திரம் இல்லாமல், துருவிப் பார்ப்பதற்காக மட்டும் அதற்கு உத்தரவிட முடியாது என்றும், இரத்த மாதிரி தர எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் 1993இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அவர் மனு போட்டால், அந்த முகாந்திரம் எங்கே என்று எதிருரையில் கேளுங்கள். ஆனால் பரிசோதனை ஒருமுறை நடந்து அறிக்கை கோப்பில் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறும்: 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மறுக்கப்படாத அறிவியல் முடிவு, குழந்தை அக்கணவருடையதே என்ற சட்ட அனுமானத்தை வென்றது. அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

கணவரின் வழக்கு, மனைவியின் நடத்தையைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோருவதாக இருந்தால், 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பு சற்று வேறு வழியில் சென்றது: பரிசோதனைக்கு உத்தரவிடலாம், தாய் மறுக்கலாம், மறுத்தால் நடத்தை பற்றி அவருக்குப் பாதகமாக அனுமானிக்கலாம். 2023இல் அதே நீதிமன்றம், குழந்தையின் பிறப்பையும் மரபணு விவரங்களின் அந்தரங்கத்தையும் பெற்றோரின் சண்டைக்குக் கருவியாக்கக் கூடாது என்று கண்டது. அந்தத் தீர்ப்பின் நகலை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி, உங்கள் எதிருரையுடன் இணைக்கச் சொல்லுங்கள்.

திருமணமே செல்லாதது என்று கணவர் வாதிட்டால், இந்துக்களுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தனியாக உதவும். அத்தகைய திருமணத்தில் பிறந்த குழந்தையும் முறையானதே.