தொரொட்ஸ்கோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டிரான்சில்வேனியா மலைகளுக்கு நடுவே, வெள்ளைச் சுவரும் பச்சை ஜன்னல் கதவுமாக வீடுகள் வரிசைகட்டி நிற்கும் ஊர் தொரொட்ஸ்கோ. இருப்பது ருமேனியாவில், பேச்சு ஹங்கேரிய மொழி. முதல் உலகப்போருக்குப் பின், 1920ஆம் ஆண்டின் ட்ரியனோன் ஒப்பந்தம் டிரான்சில்வேனியாவை ஹங்கேரியிடமிருந்து ருமேனியாவுக்கு மாற்றியது. எல்லைக்கோடுதான் நகர்ந்தது, ஊர்க்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வரைபடத்தில் ‘ரிமெட்டியா’ என்ற ருமேனியப் பெயரில் தேடுங்கள்.

படி 1: நாள் குறிப்பது

ருமேனியா 2025 ஜனவரி முதல், எல்லைச் சோதனையின்றி ஒன்றுக்கொன்று போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் முழு உறுப்பினர் என்பதால் ஷெங்கன் விசா போதும். மே முதல் செப்டம்பர் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். சனி, ஞாயிறு வேண்டாம். அந்த நாட்களில் சுற்றுலாக் கார்கள் நிறைந்துவிடும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இந்த ஊர் தன்னைக் காட்டுவதில்லை.

படி 2: போய்ச் சேர்வது

கிளூஜ்-நபோக்கா வரை விமானம். அங்கிருந்து ரயிலில் அயுத் நகரம், பிறகு மலைச்சாலை. பஸ்கள் குறைவு. தங்கும் வீட்டாரிடம் முன்பே கேட்டு வண்டி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. கையில் கொஞ்சம் ருமேனியப் பணமான லெய் நோட்டுகள் இருக்கட்டும்.

படி 3: வணக்கம் சொல்வது

இதைத் தவறவிடாதீர்கள். தெருவில் எதிரே வருகிறவரிடம் ‘யோ நபோத் கீவானோக்’ என்று சொல்லுங்கள். நன்றிக்கு ‘கொஸொனொம்’. வயதில் மூத்த பெண்ணை ‘நேனி’ என்றும், ஆணை ‘பாச்சி’ என்றும் பெயருக்குப் பின்னால் சேர்த்து அழைப்பார்கள். நாம் ‘கமலா அத்தை’ என்பதுபோல் அவர்களுக்கு ‘மரி நேனி’. இந்த ஒரு சொல்லுக்கே முகங்கள் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

படி 4: ஊரைப் பார்ப்பது

இந்த வீடுகளைக் கட்டியது இரும்புத் தொழில் தந்த பணம். பல நூற்றாண்டுகள் இங்கே இரும்புத்தாது தோண்டி, உருக்கி, அடித்துப் பொருளாக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை இரும்பின் முன் அந்தத் தொழில் நிற்க முடியவில்லை. பின்னர் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டின் ஐந்தாவது வட்டம், முகப்பை மாற்றாமல் காக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுத்தது. 1999இல், ஐரோப்பாவில் பழமையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் யூரோப்பா நோஸ்த்ரா விருதும் கிடைத்தது. சிறிய அருங்காட்சியகத்தில் சுரங்கக் கருவிகளையும் பூ வரைந்த மரச்சாமான்களையும் நிதானமாகப் பாருங்கள். சதுக்கத்தில் ஊற்றுநீர் ஓடும் தொட்டி இருக்கிறது. அருகே யூனிட்டேரியன் தேவாலயம். ‘கடவுள் ஒருவரே’ என்பது அந்தச் சபையாரின் வாக்கு. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒருவருடைய வீடு.

படி 5: பாறை ஏறுவது

ஊருக்குக் கிழக்கே சுவர்போல் எழும் சேகெய்கோ பாறையின் உயரம் 1,128 மீட்டர். ஊரிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம். பழக்கமில்லாதவருக்கு மேலே போக இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். பாதை செங்குத்து, கற்கள் உருளும். பிடிப்புள்ள காலணி கட்டாயம். இறங்கும்போது முழங்கால் வலிக்கும் என்பதால் ஊன்றுகோல் உதவும். மழை பெய்திருந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள். வழியில் ஆட்டுமந்தை தெரிந்தால் விலகிச் சுற்றிப் போங்கள், காவல் நாய்கள் கடுமையானவை. அவசர எண் 112.

படி 6: சாப்பாடு

தங்கும் வீட்டிலேயே சாப்பிடுங்கள். சைவமா? ‘நெம் எஸெம் ஹூஷ்ட்’, அதாவது இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்வது வழக்கம். சோளமாவுக் களியில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி உதிர்த்துத் தருவார்கள். கேழ்வரகுக் களியில் வளர்ந்த எனக்கு அந்தத் தட்டு அந்நியமாகவே தோன்றவில்லை.

படி 7: கடைசி நாள் காலை

இங்கே சூரியன் இரண்டு முறை உதிக்கிறது என்பார்கள். பாறை விளிம்பில் தலைகாட்டும் கதிரவன், இன்னொரு முகட்டுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி வெளியே வருகிறான். எங்கே நின்றால் தெரியும் என்பதை முந்தின இரவே வீட்டு நேனியிடம் கேட்டு வையுங்கள்.