மிஸ் கேரளா மீன்: ஆசைப்படுபவர்கள் செய்யும் தவறுகள்

மூக்கிலிருந்து பாதி உடம்பு வரை ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே வால் வரை ஓடும் கறுப்புக் கோடு, வாலில் மஞ்சளும் கறுப்பும். வண்ண மீன் வளர்ப்பவர்கள் 'மிஸ் கேரளா' என்று கொண்டாடும் இந்த மீனைக் கேரளத்தில் செங்கணியான் என்பார்கள். 15 செ.மீ. வளர்ந்தாலே பெரிது. சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே இறங்கும் சில ஆறுகள்தான் இதன் சொந்த ஊர். அழியும் ஆபத்திலுள்ள மீன் என்று, உலகின் அருகிவரும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் IUCN அமைப்பின் செம்பட்டியல் சொல்கிறது.

மீன் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் இப்போது இதைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஆகவே "அசல் ஆத்து மீன் சார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் 2022 திருத்தத்தில் மாறியிருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறு வாங்குபவர்களோடு நிற்கவில்லை. கேரள அரசு 2008-ல் இந்த மீனைப் பிடிக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் தடைக்காலம் என்று குறித்தது ஜூன், ஜூலை, அக்டோபர். மீன் முட்டையிடுவதோ அக்டோபர் முதல் மார்ச் வரை என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சினை மீன்கள் திரியும் மாதங்களில் பெரும்பாலானவை திறந்தே கிடந்தன!

அதற்காக வலை போடுபவர்களை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. பாறை இடுக்கும், வேகமாக ஓடும் தெளிந்த தண்ணீரும், கரையிலிருந்து கவிந்த செடிகளும் இருக்கும் மடுக்களில்தான் இது கூட்டமாக வாழும். அங்கே வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிக்கிறார்கள். மணல் அள்ளுவதும், அணைகளும், தோட்டங்களிலிருந்து வழியும் பூச்சிமருந்தும் சேர்ந்து மிச்சத்தைக் கெடுக்கின்றன.

அப்புறம், வளர்த்த மீனைப் பாவம் பார்த்து ஆற்றில் விடுவது. இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. ஆற்றுக்கு ஆறு இந்த மீனின் மரபணு வேறுபடுகிறது. சாலக்குடி ஆற்றிலிருப்பதை 1999-ல் தனி இனமாகவே விவரித்தார்கள், அதன் முதுகுத் துடுப்பில் கறுப்புத் திட்டு இருக்கும். ஒன்றை இன்னொன்றின் ஆற்றில் விட்டால் கலப்பு ஏற்படலாம், தொட்டி நோயும் கூடவே போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு, வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அமேசான் ராட்சத மீனான அரபைமா கூடக் கேரள ஆறுகளில் பிடிபட்டது. வளர்க்க முடியவில்லையா? கடைக்கே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள்.