காடைக் குஞ்சு பொரிப்பில் விடும் பிழைகள்: ஓட்டு நிறமும் பல்ப் வெளிச்சமும்

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் காடை வளர்க்க வெளிக்கிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "கறுப்புப் புள்ளி கூடின முட்டை நல்லாப் பொரிக்குமோ, வெளிறினது பொரிக்குமோ?" என்பதைத்தான். நிறம் பார்த்து முட்டை பொறுக்குவதே பெரிய பிழை. புள்ளிக் கோலம் அந்தந்தப் பேட்டின் கையெழுத்து. இன்றைக்கு இட்ட மாதிரியேதான் நாளைக்கும் இடும். கபிலப் புள்ளி புரோட்டோபோர்பிரின் என்ற நிறமியால் வருவது, நீலப்பச்சைச் சாயல் பிலிவெர்டினால் வருவது. கடும்நிற முட்டைகளையே தேடி எடுத்தால், இரண்டு மூன்று பேடுகளின் குஞ்சுகள்தான் கூட்டில் நிறையும். பிறகு அவை தங்களுக்குள்ளேயே இணையும். நெருங்கிய உறவில் இணைவதைக் காடை தாங்காது. பொரிப்பு விறுவிறென்று இறங்கிவிடும்.

பார்க்கவேண்டியது நிறத்தை அல்ல, நிறம் மாறுவதை. நேற்றுவரை புள்ளியோடு இட்ட பேடு திடீரென்று சுண்ணாம்பு பூசினது போல இட்டால், அது வெருண்டிருக்கலாம், நோய்ப்பட்டிருக்கலாம், கல்சியம் போதாமல் இருக்கலாம். ஓடு மெலிந்தால் முட்டைக்குள் நீர் கெதியாக வற்றும். அதைப் பொரிக்க வைக்காதீர்கள். பரம்பரையாகவே வெள்ளை, நீல ஓட்டில் இடுகிற காடைகளும் உண்டு. அவை வேறு கதை.

கடும்நிறம் உண்மையில் கரைச்சல் தருவது, உள்ளே கரு வளர்கிறதா என்று ரோச் அடித்துப் பார்க்கும்போதுதான். ஐந்தாம் நாளே பார்த்து, புள்ளியையும் கருவையும் பிரித்தறியாமல் நல்ல முட்டையை எறிந்துவிடுகிறார்கள். எட்டு, பத்து நாள் பொறுங்கள். இருட்டறையில், சின்ன ஆனால் பிரகாசமான ரோச்சை முட்டையின் தடித்த பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள்.

அடுத்தது பல்ப். முட்டை பொரிக்க இங்கே பலர் பாவிப்பது றெஜிபோம் பெட்டியும் பழைய சூட்டு பல்பும். அதில் வெளிச்சமும் வெப்பமும் ஒன்றாகவே வருவதால், எது என்ன செய்தது என்று தெரியாமல் போகிறது. பச்சை ஒளியில் கோழி, வான்கோழிக் கருக்களின் தசை வளர்ச்சி கூடியதை ஆய்வுகள் கண்டிருப்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டவுடன் சூட்டு பல்பைக் கழற்றி பச்சை எல்.ஈ.டி. பூட்டினால், பெட்டிக்கு வெளிச்சம் வரும், சூடு வராது. அந்த ஆய்வுகளில் வெப்பத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தினார்கள். போதாததற்கு, புள்ளி நிறைந்த காடை ஓடு வெள்ளைக் கோழிமுட்டை ஓட்டைவிடக் குறைந்த ஒளியையே உள்ளே விடும்.

ஆகவே முதலில் சூட்டைச் சரிப்படுத்துங்கள். காற்றாடி வைத்த பெட்டிக்கு 37.5 பாகை செல்சியஸ். பல்பைத் தகரத்தால் மறையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் முட்டைகள் அவிந்து, மூலையிலிருப்பவை பிந்தும். ஒளி வேண்டுமென்றால் தனி எல்.ஈ.டி. போட்டு 12 மணிநேரம் எரியவிட்டு, 12 மணிநேரம் அணையுங்கள். கருவுக்கும் இரவு தேவை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பொரிக்கும் தறுவாயில் காடைக் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தபடியே சொடுக்கு ஒலி எழுப்பி, ஒன்றையொன்று உசுப்பிச் சேர்ந்து வெளியே வரும். 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். 14ஆம் நாளளவில் முட்டை புரட்டுவதை நிறுத்தியதும் அவற்றை ஒன்றோடொன்று முட்ட வையுங்கள். வேறு நாளில் வைத்த முட்டைகளை அதே தட்டில் கலக்கவேண்டாம். 17, 18 நாளில் பொரிக்கும்.

பங்குனி, சித்திரை வெக்கையில் முட்டையைக் குசினி மேசையில் சேர்த்து வைப்பதும் பிழைதான். அந்தச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். 15 முதல் 18 பாகையில் வைக்க வசதியில்லாவிட்டால் ஒரு கிழமைக்கெல்லாம் சேர்க்காமல், இரண்டு மூன்று நாள் முட்டையோடு பெட்டியை மூடுங்கள்.

குஞ்சுக்கு முதல் சில நாள் இரவு பகலாக வெளிச்சமும், முதல் கிழமை 35 பாகைக்குக் குறையாத சூடும் வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் தாண்டு சாகும். வளர்ந்த பிறகு கொத்துப்பட்டால் மங்கலான சிவப்பு ஒளி உதவும். இறைச்சிக்கு வளர்ப்பவற்றுக்கு நீண்ட பிரகாச வெளிச்சம் கொடுத்தால் கெதியில் பருவத்துக்கு வந்து சண்டை பிடிக்கும். முட்டைக்கு வளர்ப்பவற்றுக்கோ 14 முதல் 16 மணிநேரம் தேவை. எங்கள் ஊர்ப் பகல் ஆனி மாதத்திலும் 13 மணிநேரத்தை எட்டாது என்பதால், பொழுதுபட்டபின் இரண்டு மூன்று மணிநேரம் லைற் எரிய ஒரு டைமர் பூட்டிவிடுங்கள்.