பலகை வாங்கும் முன் பெஞ்சின் காலை முடிவு செய்யுங்கள்

மரவாடியில் நல்ல பலகை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. ஓரத்தில் மரத்தின் வளைவு அப்படியே இருக்கும், நடுவில் காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம் ஓடும். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் தூங்குமூஞ்சி மரப் பலகைக்கு மயங்காதவர்கள் குறைவு. வாங்கி வந்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, எல்லாம் முடிந்த பிறகு "சரி, கால் என்ன வைக்கலாம்?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைப் பலகை வாங்கப் புறப்படும்போதே கேட்க வேண்டும். பெஞ்சு ஆடுவது, ஒரு முனை தூக்குவது, பலகை பிளப்பது, கரையான் ஏறுவது எல்லாமே காலில்தான் தொடங்குகின்றன.

முதலில் உயரம். தரையிலிருந்து பலகையின் மேல்முகம் வரை 18 அங்குலம், அதாவது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்பது வழக்கம். இது மொத்த உயரம். பலகை 2 அங்குலக் கனம் என்றால் கால் 16 அங்குலம்தான். அடியில் ரப்பர் புஷ் போட்டால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். உட்காரப் போகிறவரை ஒரு நாற்காலியில் பாதம் முழுக்கத் தரையில் படும்படி உட்கார வைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை டேப் பிடித்தால் அவருக்கான அளவு கிடைத்துவிடும். முட்டிவலி உள்ளவர்களுக்கு அதோடு ஓர் அங்குலம் கூட்டுங்கள். எங்கள் வாசலில் கிடக்கும் பெஞ்சு 19 அங்குலம். அம்மா அதிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்கிறார். 17 அங்குல சோபாவில் அது நடப்பதில்லை. செருப்பு மாட்ட மட்டும் உட்காரும் குட்டி பெஞ்சுக்கு 16 போதும்.

அடுத்தது, ஓரத்திலிருந்து காலை எவ்வளவு உள்ளே தள்ளி வைப்பது என்பது. பார்வைக்கு அழகு என்று பலரும் நன்றாக உள்ளே தள்ளிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தடி நீளம், 14 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் உள்ள தூங்குமூஞ்சிப் பலகை, நன்றாகக் காய்ந்தபின் 16 கிலோ அளவில் இருக்கும். இரும்புக் கால் இரண்டும் சேர்த்து 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 கிலோ. கால்கள் ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே இருக்கின்றன. 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு முனையில் தனியாக உட்காருகிறார். அவர் எடை இறங்கும் இடம் முனையிலிருந்து அரையடி உள்ளே, அதாவது காலுக்கு வெளியே 15 சென்டிமீட்டரில். 80ஐ 15ஆல் பெருக்கினால் 1,200. பெஞ்சின் சொந்த எடை 24 கிலோ, அதன் மையம் அந்தக் காலிலிருந்து 46 சென்டிமீட்டர், பெருக்கினால் 1,104. உட்கார்ந்தவர் பக்கம் கனத்துவிட்டது, மறுமுனை மேலே எழும்பும். அதே காலை ஓரத்திலிருந்து 9 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அவர் பக்கம் 80ஐ 8ஆல் பெருக்கி 640. பெஞ்சின் பக்கம் 24ஐ 53ஆல் பெருக்கி 1,272. ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிப்பு. வெறும் மூன்று அங்குலம் நகர்த்தியதற்கு இத்தனை வித்தியாசம்! வயதானவர்கள் முனையில்தான் உட்காருவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்கில் பார்க்க வேண்டியது பாதம் தரையைத் தொடும் இடத்தை. கால் பலகையில் சேரும் இடத்தை அல்ல. வெளிப்பக்கமாகச் சாய்ந்த கால் என்றால் மேலே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம்.

ஐந்தடிக்கு 2 அங்குலக் கனம் தொய்யாது. ஒன்றரை அங்குலத்தில் ஆறடிப் பலகை என்றால் நடுவில் லேசாக இறங்கும். அதற்காக நடுவில் மூன்றாவது கால் வைக்காதீர்கள். நம் வீட்டுத் தரைகள் அவ்வளவு மட்டமாக இருப்பதில்லை. நடுக்கால் உயரமாக அமைந்துவிட்டால் முழு பெஞ்சும் அதன் மேல் ஆடும். பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் கொடுப்பது போதும்.

இனி கால் வகைகள். வீட்டுக்குள்ளே, டைல்ஸ் தரையில் போடப் போகிறீர்கள் என்றால் வெல்டிங் பட்டறையில் செய்த இரும்புக் கால் நல்லது. 40க்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம், நாலு பக்கமும் மூடிய செவ்வகச் சட்டமாக வளைத்து ஒட்டச் சொல்லுங்கள். அதன் தலையில் 5 மில்லிமீட்டர் தகடு, பெஞ்சின் நீளவாக்கில் குறைந்தது 6 அங்குலம் இருக்க வேண்டும். செவ்வகச் சட்டம் குறுக்குவாட்டில் அசையாது. நீளவாட்டில் அதைத் தாங்குவது இந்தத் தகடு மட்டும்தான். இரண்டு அங்குலப் பட்டைத் தகடு வைத்த பெஞ்சில் உட்கார்ந்து இடமும் வலமுமாக அசைந்து பாருங்கள், புரியும்.

பட்டறையில் தம்பி ஒருவர், "அண்ணா, தகட்டுல திருகு ஓட்டை எல்லாமே நேரா உருண்டை ஓட்டையா போட்டுடவா?" என்று கேட்பார். அங்கேதான் கவனம் வேண்டும். மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது. அகலவாட்டில் அசைந்துகொண்டே இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் சாரல் வரும்போது எங்கள் ஊர்ப் பலகை உப்பும். மாசி முதல் சித்திரை வரை சுருங்கும். 14 அங்குல அகலத்தில் இது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை வரும். இரும்புத் தகடு அசையாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் தோற்பது பலகைதான், பெரும்பாலும் நடுவில் பிளந்துவிடும். ஆகவே தகட்டின் நடு ஓட்டை மட்டும் உருண்டையாக இருக்கட்டும். இரு ஓரத்திலும் உள்ள ஓட்டைகளைப் பலகையின் அகலவாட்டத்தில் நீள ஓட்டைகளாக்கச் சொல்லுங்கள்: 9 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் நீளம். 8 மில்லிமீட்டர் கோச் ஸ்க்ரூ (ஸ்பேனரால் மரத்தில் முறுக்கி ஏற்றும் தடித்த திருகு), 40 மில்லிமீட்டர் நீளம், அடியில் அகலமான வாஷர். பலகையில் முன்கூட்டியே 6 மில்லிமீட்டர் துளை போட்டு, திருகில் கொஞ்சம் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள். வாஷர் அழுந்தும் அளவுக்கு இறுக்கினால் போதும், மரம் உள்வாங்கும் அளவுக்கு வேண்டாம்.

கொண்டை ஊசி போல வளைத்த கம்பிக் கால்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. காப்பி மேசைக்கு அவை சரி. பெஞ்சுக்கு என்றால் மூன்று கம்பி உள்ளதாக, 12 மில்லிமீட்டர் கம்பியில் செய்ததாகப் பாருங்கள். இரண்டு கம்பிக் கால் மனித எடைக்குத் துள்ளும்.

எனக்குப் பிடித்தது மரக்கால்தான், அதிலும் கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்த உருண்டைக் கால். மேலே 2 அங்குலம், பாதத்தில் ஒன்றேகால் அங்குலமாகச் சரியும் கால். தலையில் ஒன்றேகால் அங்குலக் கழுந்து, அதாவது பலகைத் துளைக்குள் இறங்கும் முனை. வண்டிக்கும் ஏருக்கும் போட்ட கருவேல மரம் இதற்கு அருமையாக நிற்கும், வேம்பும் போதும். எந்த மரமானாலும் கால் பலகையைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த கழுந்து துளைக்குள் போனபின் காற்றின் ஈரத்தை வாங்கிக் கொஞ்சம் உப்பி இறுகும். ஈரக் கழுந்து அங்கேயே சுருங்கி ஆட ஆரம்பிக்கும்.

இந்தக் கால்களைப் பத்து டிகிரி வெளிப்பக்கம் சாய்த்து இறக்குங்கள். கோணமானி தேவையில்லை. அட்டையில் 17 சென்டிமீட்டர் உயரமும் 3 சென்டிமீட்டர் அடியும் உள்ள செங்கோண முக்கோணம் வெட்டினால் அதன் சாய்வு பத்து டிகிரிதான். அதைத் துளைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து டிரில்லின் தண்டை அதற்கு இணையாகப் பிடியுங்கள். 16 அங்குலக் காலின் பாதம் இப்படிக் கிட்டத்தட்ட 3 அங்குலம் வெளியே போகும். பெஞ்சு தூக்காமல் இருக்க அதுவும் உதவும்.

கழுந்து பலகையைத் துளைத்து மேலே எட்டிப் பார்க்கும். அதன் தலையில் வாளால் ஒரு கீறு போட்டு, பசை தடவி, ஆப்பு இறக்க வேண்டும். இந்தக் கீறு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது. பலகையின் நார் கிழக்கு மேற்காக ஓடினால் கீறு வடக்கு தெற்காக இருக்க வேண்டும். அப்போது ஆப்பு கழுந்தைப் பிதுக்கித் தள்ளுவது நார் ஓடும் திசையில். அந்தப் பக்கம் மரம் இரும்பாய்த் தாங்கும். நாரோடு ஒட்டி ஆப்பை இறக்கினால் அது விறகு பிளக்கிற கோடாரியின் வேலையைச் செய்துவிடும். கொட்டாப்புளியால் தட்டும்போது சத்தத்தைக் கேளுங்கள். மெத்தென்று வந்த ஒலி கணீரென்று மாறியதும் நிறுத்துங்கள்.

பலகையில் ஏற்கெனவே பிளவு இருந்தால் அதன் மேல் துளை போடாதீர்கள், இரண்டு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். பிளவைக் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டையால் பூட்டுவது நல்ல பழக்கம். இந்த முறையை உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகாஷிமா. பின்னாளில் பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, இயற்கை ஓரத்தோடு கூடிய பலகைகளுக்கே பேர்போன அவர், 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி எழும்பியபோது அங்கே இருந்து வேலையைக் கவனித்த கட்டடக் கலைஞர். பிளவை ஒளிக்காமல் பூட்டி வைத்த அவருடைய மேசைகளின் படங்களைப் பார்த்த பிறகு, பிளவுள்ள பலகையை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடிமரத் துண்டை அப்படியே காலாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தடித்த துண்டு உள்வரை காய வருடக்கணக்கில் ஆகும், காயும்போது வெடிக்கும். வைத்தே தீருவேன் என்றால் பட்டையையாவது உரித்துவிடுங்கள். வண்டு குடியிருப்பது அங்கேதான்.

தோட்டத்தில் போடும் பெஞ்சுக்குக் கல்லுக்காலை விட்டால் வேறு நினைப்பே வேண்டாம். பந்தலுக்கும் வேலிக்கும் நட்ட பழைய கருங்கல் கால்கள் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் சும்மா சாய்ந்து கிடக்கும். ஓரடி மண்ணுக்குள், 16 அங்குலம் வெளியே. தலையில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு துண்டுக் கம்பியை நட்டு, பலகையின் அடியில் 16 மில்லிமீட்டர் துளை போட்டு அதன் மேல் உட்கார வையுங்கள். பசை வேண்டாம். கல்லுக்கும் பலகைக்கும் இடையில் இரண்டு தடித்த வாஷர் போட்டால் மழைத் தண்ணீர் தேங்காமல் காற்று புகுந்து காய்ந்துவிடும்.

மரக்கால் வைத்தவர்கள் கடைசியாகப் பாதத்தை மட்டம் செய்ய வேண்டும். நல்ல மட்டமான தரையில் பெஞ்சை நிறுத்தி, ஆடும் காலுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி, பலகை மேல் ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் சரிபாருங்கள். பிறகு, மிகப் பெரிய இடைவெளியைவிடச் சற்றே உயரமான ஒரு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நாலு காலையும் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டோடு அறுங்கள். இந்த அறுப்பில் போகும் அரை அங்குலத்தைக் கடைசலுக்குக் கொடுக்கும்போதே கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

அறுத்த முகம் தண்ணீரை உறிஞ்சும். ஒரு தட்டில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, பாதத்தை ஓர் இரவு அதில் நிற்க வையுங்கள். காய்ந்ததும் நைலான் புஷ் அடித்துவிடுங்கள். டைல்ஸில் கீறலும் விழாது, வாசல் கழுவும் தண்ணீரும் மரத்தைத் தொடாது. இரும்புக் கால் என்றால் துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் எனாமல். குழாயின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன ஓட்டை விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அவ்வப்போது பெஞ்சைச் சாய்த்துப் பாதத்தைப் பாருங்கள். மெல்லிய மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான், அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காயவிடுங்கள்.