நுவரெலியா ஏற ஆசையா? முதலில் பேச்சிப்பாறை ரோட்டில் பழகுங்கள்

இலங்கை மலைநாட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "நம்ம ஊர்ல இல்லாத மேடா?" அப்போது சிரித்தேன். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். கம்பளை, புசல்லாவ, றம்பொடை என்று ரோடு ஏறிக்கொண்டே போகும். றம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் நான் இறங்கிச் சைக்கிளை உருட்டினேன். காலில் வலு இல்லாமல் இல்லை. கியரையும் மூச்சையும் கையாளத் தெரியாததுதான் காரணம். அது இரண்டையும் குமரி மாவட்டத்திலேயே கற்றிருக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் கற்றேன். மேடு ஏறி வழக்கமில்லாதவர்களுக்கு அந்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் சைக்கிள்

புதுசு வாங்க வேண்டியதில்லை. கியர் உள்ள எந்தச் சைக்கிளும் போதும், ஆனால் கியரின் பல்லை எண்ணிப் பாருங்கள். முன்னால் சின்ன வட்டமும் பின்னால் பெரிய வட்டமும் சேர்ந்தால் மிதிப்பது லேசு. முன்னாலும் பின்னாலும் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்ற, சக்கரமும் ஒரே சுற்றுதான் சுற்றும், அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. பின்னால் 25 பல்தான் இருக்கிறது என்றால் அதே மிதிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வந்தாக வேண்டும். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் மேட்டில் புதியவர்களுக்கு 12 தாங்காது, 9 தாங்கும். நான் உருட்டியதற்குப் பாதிக் காரணம் இந்த 25 பல். கடையில் பின்னால் உள்ள பல் சக்கரத்தை மாற்றித் தருவார்கள். பெரிய பல் போட்டால் சில சைக்கிளில் கியர் மாற்றியையும் மாற்ற வேண்டிவரும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போன கையோடு சக்கரத்தின் கோட்டத்தை எடுத்து, பிரேக் கட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டையில் உள்ள பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மேட்டில் ஏற முடியாவிட்டால் இறங்கி உருட்டலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

காற்றே ஒரு மேடு

நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டதும் அதனால்தான். தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், 'நாம இவ்வளவு நல்லா ஓட்டுவோமா' என்று தோன்றும். திரும்பும்போது பதில் கிடைக்கும். ரோடு சமம்தான், ஆனால் 12 கிலோமீட்டர் வேகம் வர மூச்சு முட்டும்.

முதல் இரண்டு வாரம் இங்கேயே பழகுங்கள். எதிர்காற்றில் லேசான கியருக்கு மாறி, வேகத்தைப் பார்க்காமல், கால் சுற்றுவதை மட்டும் எண்ணுங்கள். வலது முழங்கால் 15 விநாடியில் 17 அல்லது 18 முறை மேலே வர வேண்டும். அப்போது நிமிஷத்துக்கு 70 ஆகிவிடும். பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அதிகமாக மிதிக்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அது தேசிய நெடுஞ்சாலை. லாரி ஒன்று நம்மைக் கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று, கடந்ததும் பக்கவாட்டில் அடிக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வையுங்கள். காலையில் சீக்கிரமே போய்விட்டு வந்துவிடுங்கள்.

ஒரே மேட்டைப் பத்து முறை

தக்கலைக்கு மேற்கே எந்த ரோட்டை எடுத்தாலும் மேடும் பள்ளமும்தான். 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். போன் செயலி அது 20 மீட்டர் உயருகிறது என்று காட்டினால் சரிவு ஏறக்குறைய 7 சதவீதம். அதைப் பத்து முறை ஏறினால் 200 மீட்டர். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,370 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அங்கே அது பல மணி நேரத்தில் நடக்கிறது. இங்கே நமக்கு வேண்டியது முதல் ஐந்து மீட்டரில் என்ன செய்வது என்பதுதான்.

அந்த ஐந்து மீட்டரில்தான் எல்லாரும் தவறு செய்கிறோம். மேடு வந்த பிறகு, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றுகிறோம். செயின் 'கடக் கடக்' என்று சத்தம் போடும், சில நேரம் கழன்றே விழும். மேட்டுக்கு இருபது மீட்டர் முன்னாலேயே, சமதளத்தில் கால் லேசாகச் சுற்றும்போதே மாற்றுங்கள். மறந்துவிட்டால் ஒரு மிதி பலமாக மிதித்து, அந்த வேகம் தீர்வதற்குள் அடுத்த அரைச் சுற்றைச் சும்மா சுற்றிக்கொண்டே மாற்றுங்கள். செயின் சத்தமில்லாமல் போய் உட்காரும். பத்து முறை ஏறும்போது பத்து முறையும் அந்த இருபது மீட்டரைக் கவனியுங்கள். ஏறி முடிப்பது இரண்டாம்பட்சம்.

உட்கார்ந்தே ஏறுங்கள். எழுந்து மிதிக்கத் தோன்றினால் அதற்கு முன் ஒரு கியர் கனமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் வெறுமனே ஓடும். அதுவும் இருபது முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம்.

குலசேகரம் முதல் பேச்சிப்பாறை வரை

இப்போது முழு ஓட்டம். குலசேகரத்தில் ஒரு கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) குடித்துவிட்டுக் கிளம்புங்கள். பேச்சிப்பாறை அணை பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ரோடு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும். விடியற்காலையில் வெட்டிய மரங்களில் சிரட்டைக்குள் பால் சொட்டிக்கொண்டிருக்கும், வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட் காயும். வாசம் எல்லாருக்கும் பிடிக்காது, எனக்குப் பழகிவிட்டது. 1906-ல் கட்டி முடித்த அணை இது. மேலே ஏறி நின்றால் மலைவரிசை நேர் எதிரே நிற்கும்.

அணைக்கு அப்பால் கோதையாறு பக்கம் போக ஆசை வரும். அது காட்டுப்பகுதி, யானை நடமாட்டம் உண்டு. வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டும் பகலில் போங்கள். 'போகாதீங்க' என்றால் திரும்பிவிடுங்கள். பேச்சுவார்த்தை வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு ஏத்தம்பழம் (நேந்திரன் பழம்). பசித்த பிறகு சாப்பிட்டால் மேடு ஏறி முடிந்த பிறகுதான் அது வேலை செய்யும்.

இறக்கம்

எனக்கு அடிபட்டது ஏற்றத்தில் அல்ல. செப்டம்பர் மாசம், மழை விட்ட மத்தியானம், ஒரு ரப்பர் தோட்ட வளைவு. காய் வெடித்து விழுந்த ரப்பர்க்கொட்டைகள் ரோடெல்லாம் கிடந்தன. புள்ளி போட்ட கோலிக்குண்டு மாதிரி இருக்கும். நான் வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் அப்படியே வழுக்கி, முழங்கையில் தோல் போனது. பால் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "மக்ளே, இதுல நடந்தாலே வழுக்கும். நீ இவ்வளவு வேகத்துல வாறியே."

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைக்கிறேன். வளைவுக்குள் பிரேக் கிடையாது. வெளிப்பக்கக் கால் கீழே இருக்கும், உடல் எடை அதன் மேல் இருக்கும். கண் சக்கரத்தின் முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். நீளமான இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு வாருங்கள். மழையில் முதல் பிடி தண்ணீரைத் துடைக்கவே போய்விடும், அதனால் வழக்கத்தைவிட முன்னாலேயே பிடியுங்கள். ஜனவரியில் ரப்பர் இலை உதிரும் காலத்திலும் இதே கவனம் வேண்டும்.

அப்புறம் இலங்கை

பேச்சிப்பாறை போய் வந்தும் பேச மூச்சு மிச்சமிருந்தால் டிக்கெட் போடலாம். பிப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன், வண்டி நெரிசல். நம் ஊர் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், பழக்கம் மாற்ற வேண்டாம். ஆனால் வளைவுகளில் பஸ் முந்தும், இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டியே போங்கள். புசல்லாவ தாண்டினால் தேயிலை. கடையில் கட்டன்சாயா என்று கேட்டால் விழிப்பார்கள், பிளேன்டீ என்று கேளுங்கள். ஒரே நாளில் ஏற வேண்டியதில்லை, றம்பொடையில் ஓர் இரவு தங்கலாம். உச்சியில் வியர்த்த சட்டையோடு நின்றால் நடுங்கும், ஒரு மெல்லிய மேல்சட்டை பையில் இருக்கட்டும். கூடவே ஒரு ஜோடி பிரேக் கட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏறிய உயரம் முழுக்க இறங்கி வர வேண்டியிருக்கிறது.