லாரி பிரேக் லைனிங்க ஒப்பிட்டுப் பாக்கறப்ப நம்ம டெல்டாவுல நடக்கற தப்புங்க

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் புது லைனிங் (சக்கரத்தோட சுத்தற டிரம்முக்குள்ள, ஷூ மேல இருந்து ஒரசி வண்டிய நிறுத்தற பட்டை) கட்டுனா டெஸ்ட்டுன்னு என்ன பண்றாங்க, வெறும் வண்டிய பைபாஸ்ல ஓட்டி ரெண்டு தடவ பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டு நல்லா புடிக்குதுன்னு சொல்லிடறாங்க. நம்ம ஊரு பூரா சமதரைங்க, இங்க எந்த லைனிங்கும் புடிக்கத்தான் செய்யும். அதே வண்டி பெங்களூர்ல லோடு ஏத்திட்டு தொப்பூர் கணவாயில எறங்கறப்ப, கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் கொதிக்கும், லைனிங்ல இருக்கற ரெசின் இளகும், பிடிப்பு கொறையும், டிரம்மும் சூட்டுல விரியறதால ஷூ இன்னும் தள்ளிப் போயி ஒரசணும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. அதனால சூட்டுல எப்படின்னு பாக்காம செய்யற ஒப்பீடு ஒப்பீடே இல்ல.

லைனிங் சைடுல ரெண்டு எழுத்து அடிச்சிருந்தா பாருங்க, மொத எழுத்து சாதாரண நிலையில பிடிப்பு, ரெண்டாவது சூடானப்புறம். எஃப்னா பிடிப்பு அளவு (உராய்வு கெழு) 0.35லேர்ந்து 0.45, ஈன்னா 0.25லேர்ந்து 0.35. எஃப் ஈன்னு இருந்தா சூட்டுல பிடிப்பு எறங்குதுன்னு அர்த்தம். ஆனா அது ஒரு இஞ்ச் துண்டை மெஷின்ல வச்சுப் பாத்த கணக்கு, எவ்வளவு நாள் உழைக்கும்னு சொல்லாது.

ஒரு பிராண்ட 40 கிலோமீட்டர் வேகத்துல நிறுத்திப் பாத்துட்டு இன்னொண்ண 60ல நிறுத்திப் பாக்கறதும் தப்பு, 60ல நிறுத்தறப்ப 2.25 மடங்கு சூடு வரும். லோடும் ஒண்ணா இருக்கணும்.

இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு கட்டி ஒப்பிடறத தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க, மழை ரோட்டுல வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும், ஆக்சிலுக்கே ஒரே சரக்குதான். புதுசு கட்டின ஒடனே தீர்ப்பு சொல்லாதீங்க, டிரம்ல முழுசா ஒக்காரவே கொஞ்சம் ஓடணும். ஓட்டி நிறுத்தினதும் டெம்பரேச்சர் கன்னால ரெண்டு பக்க டிரம்மையும் பாருங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப சூடா இருந்தா அது லைனிங் கோளாறா இல்லாம ஸ்லாக் அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய சரிபண்ற பாகம்) டைட்டாவும் இருக்கலாம், ஹப்புல ஆயில் சீல் ஒழுகி கிரீஸ் பட்டிருந்தாலும் நல்ல லைனிங்குக்குத்தான் கெட்ட பேரு வரும்.

தேய்மானத்த கண்ணால பாத்து சொல்லாம வெர்னியர் வச்சு ஷூவோட ரெண்டு முனையிலயும் நடுவுலயும் அளங்க. டிரம் உள்விட்டத்தையும் கூடவே அளந்து எழுதுங்க, சில கெட்டி சரக்கு தான் தேயாம டிரம்ம தின்னுடும், டிரம் மாத்தற காசுல எத்தனையோ செட் லைனிங் கட்டிடலாம்.