அரிவாள் செல் நோயுடன் பிறக்கும் குழந்தைகள்: உலகக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயுடன் உலகில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வதில்லை. நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் பச்சிளங்குழந்தைகள் அனைவருக்கும் பரிசோதனை நடப்பதில்லை என்பதால், அங்கங்கே நடந்த ஆய்வுகளிலிருந்து நோயை உண்டாக்கும் மரபணுவின் விகிதத்தைக் கணித்து, அதிலிருந்து நோய்க்கான வாய்ப்பைக் கண்டு, பிறப்பு எண்ணிக்கையோடு பெருக்கியே மதிப்பிடுகிறார்கள்.

இதில் பெரிய தவறு, சராசரியை நம்புவது. இந்தியாவில் இம்மரபணு முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது; மதுரைச் சமவெளியில் அது அரிது. மாநிலம் முழுமைக்கும் ஒரே விகிதம் போட்டால் மதுரைக்குக் கூடுதலாகவும் நீலகிரிக்குக் குறைவாகவும் விழும் என்பது வெளிப்படை. மொத்தமே குறைந்துவிடும் என்பதுதான் பலரது கண்ணுக்குத் தப்புகிறது. நோயின் கடுமையான வகைக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வர வேண்டும் என்பதால் விகிதத்தை வர்க்கப்படுத்துகிறோம். 500 பிறப்புகள் உள்ள ஒரு குழுவில் விகிதம் 20 சதவீதம், இன்னொரு 500இல் சுழியம் என்று கொள்வோம். தனித்தனியே கணக்கிட்டால் 20 குழந்தைகள்; 10 சதவீதம் என்று சராசரி எடுத்தால் 10 குழந்தைகள்தான்.

அந்த வர்க்கமும் உறவுக்குள் திருமணம் இல்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. மதுரை வட்டாரத்தில் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பது புதிதல்ல. விகிதம் 10 சதவீதமாக உள்ள ஒரு சமூகத்தில் 1000 பிறப்புக்கு 10 என வரும் கணக்கு, எல்லாமே தாய்மாமன் திருமணம் என்றால் 21ஐத் தாண்டும். அத்தை மகன், மாமன் மகள் திருமணம் என்றால் ஏறத்தாழ 16 ஆகும். நடைமுறையில் 10க்கும் 21க்கும் இடையில் ஓர் எண் அமையும். அதைக் கருதாமல் விடுவது அலட்சியம்.

வரையறையைப் பாராமல் எண்களை ஒப்பிடுவது அடுத்தது. 2010க்கான மதிப்பீடான சுமார் 3,12,000 கடுமையான வகையை மட்டும் குறிக்கிறது. 2021க்கான சுமார் 5,15,000 எல்லா வகைகளையும் சேர்த்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து நோய் பெருகிவிட்டது என்று எழுதுவது பிழை. மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைகள் 2010இல் சுமார் 55 லட்சம். அவர்களை நோயாளிகளோடு சேர்க்கக் கூடாது.

மருத்துவமனைக்கு வருவோரை வைத்துப் பிறப்பைக் கணிப்பதும் ஆகாது, ஏனெனில் ஐந்து வயதுக்குள் நோய் கண்டறியப்படாமலே இறந்தவர்கள் அப்பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். பரிசோதனை முறையையும் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கருப்பருவ ஹீமோகுளோபினே மிகுந்து, நோய்க்குரிய ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால், ரத்தத்தைக் கரைசலில் கலந்து கலங்குகிறதா என்று பார்க்கும் மலிவான கரைதிறன் சோதனை முதல் ஆறு மாதங்களில் நோயுள்ள குழந்தையையும் நலமானதாகக் காட்டிவிடக்கூடும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி போன்ற முறையில் உறுதிசெய்யப்படாத பச்சிளங்குழந்தைத் தரவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.